கடல் திருப்பிக் கொடுத்த மாத்திரைகள்

சிப்பித்துறை ஏலக்கரைக்கு ஒரு கடல்கன்னி வந்த காலையில் எங்கள் ஊர் வெட்கப்பட்டது அவளுடைய வாலைப் பார்த்து அல்ல, அவள் கையில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போனால் கோபத்தில் எனக்குப் பாதி மறந்துவிடும். அவள் அலையோடு வந்து, முழங்கைகளை ஊன்றி, வாலை மணலில் இழுத்துக்கொண்டு, விளமீன் கூடைகளுக்கும் சாளைக் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்தபோது, ஏலம் கூறும் அந்தோணிப்பிச்சை மாமா இரண்டு கூடைகளை நகர்த்தி இடம் விட்டார், பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் சும்மாட்டுத் துணியை உதறி அவள் தோளில் போர்த்தினாள், வியாபாரிகள் பாதியில் நின்ற விலையைச் சொல்லி முடித்தார்கள். கடலில் என்னென்னவோ இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று என்று ஊர் அவளை ஏற்றுக்கொண்டது. அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டிய பிறகுதான் கரையில் பேச்சு நின்றது.

அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. வள்ளங்களின் அடியில் இருந்துகொண்டு எங்கள் ஆண்கள் பேசுவதைக் கேட்டே படித்தவள், ஆகவே அவள் அறிந்ததெல்லாம் வலை விடும்போதும் இழுக்கும்போதும் கத்துகிற பேச்சு, அதிலும் பாதி வசவு.

"எவம்ல இத எறிஞ்சது?" என்றாள். "கடல்ல போடுத குப்பய எல்லாம் நாந்தான் பொறுக்கணுமா? இது குப்பையும் இல்ல. குழிக்குக் குழி அப்படியே இருக்கு, ஒருத்தன் திங்க வேண்டியது. யாருது?"

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அறுந்த வலையோ, மிதவையோ, கவிழ்ந்த வள்ளத்தின் துடுப்போ, கடலில் கிடைத்தது எதுவானாலும் கரையில் வைத்து, ஏலக்காரர் மூன்று தரம் "யாருது?" என்று கூப்பிட வேண்டும். உரியவன் கையைத் தூக்கி "என்னுது" என்றால் அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரும் தூக்கவில்லை என்றால் அது எங்கள் பாதுகாவலர் செபஸ்தியாருக்குப் போய்விடும், பிறகு மனிதர் யாரும் அதைக் கேட்க முடியாது. கை தூக்குகிறவனுக்கு ஏதாவது ஒரு வள்ளத்தில் பங்கு இருக்க வேண்டும். பெண்களுக்கு எங்கள் ஊரில் வள்ளத்தில் பங்கு கிடையாது, ஆகவே பெண்கள் கை தூக்கினால் அது ஈ ஓட்டுவதற்குச் சமம்.

அந்த மாத்திரைகள் என் தம்பி ரெமிஜியுசுக்கு உரியவை. அப்பா கடலோடு போய், அம்மா அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்த பிறகு, எங்களை வளர்த்தது அண்ணன் கிளிட்டஸ். அண்ணனும் ரெமியும் அப்பாவின் வள்ளத்தில் பங்காளிகள், நான் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறவள். நன்றாக இருந்த பையன் ஒரு மழைக்காலத்தில் பாயை விட்டு எழுந்திருக்காமல் போனான். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, சோறு வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பான், குளிக்கச் சொன்னால் அழுவான். ஊருக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது: சிலர் காதல் தோல்வி என்றார்கள், சிலர் கஞ்சா என்றார்கள், சிலர் செத்துப்போன அப்பா வந்து பிடித்திருக்கிறார் என்றார்கள், மிச்சப்பேர் எல்லாம் சோம்பேறித்தனம் என்றார்கள். நோய் என்று ஒரு வாய் சொல்லவில்லை. நான்தான் அவனைப் பஸ் ஏற்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், அங்கே ஒரு டாக்டரம்மா அவன் பேசாமல் இருந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனசுக்கும் நோய் வரும், நாளாகும், ஆனால் சரியாகும், நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவன் எழுந்தான். ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று என்னிடம் சண்டை போட்டான், நான் அடுப்படிக்குள் போய் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் பக்கத்துத் துறையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தம்பி பைத்திய மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பையன்தான் நன்றாக இருக்கிறானே, இனி எதற்கு என்று அவனே டாக்டராகி முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல், இருந்த அட்டைகளையெல்லாம் எடுத்துப் போய் நடுக்கடலில் எறிந்துவிட்டு வந்தான். கெட்டவன் இல்லை என் அண்ணன். எங்களுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவன். நல்லவர்கள் செய்வதைத்தான் யாரும் கேட்க முடிவதில்லை. நான் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கிளம்பினால் பஸ் நிற்கும் இடத்தில் வந்து வழி மறித்தான். நான் தனியாகப் போய்க் கேட்டால் பையனைக் கூட்டி வாங்க என்றார் டாக்டரம்மா. ரெமி மறுபடி பாயில் விழுந்தான்.

கடல்கன்னி வந்த அன்று காலை அவனை அண்ணன் வலுக்கட்டாயமாகக் கரைக்குக் கூட்டி வந்திருந்தான். அந்தோணிப்பிச்சை மாமா வழக்கப்படி மாத்திரை அட்டைகளை மணலில் பரப்பி வைத்து "யாருது?" என்று கூப்பிட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். ரெமியின் கை அசைந்தது, அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், மெதுவாகத்தான் பிடித்தான், யாருக்கும் தெரியாதபடி. மூன்றாம் தரமும் கூப்பிட்டு முடிந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் இன்னாசி மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்துப் போய், வெள்ளியில் செய்த கண்ணும் காலும் வள்ளமும் கிடக்கும் செபஸ்தியாரின் காணிக்கைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

ஆனால் யாருடையது என்று ஊருக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலத்துக்குள் பக்கத்துத் துறைக்கும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பிச் சொன்னார்: உங்கள் ஊரில் கடல்கன்னி இருப்பது எங்களுக்கும் பெருமைதான், ஆனால் மாத்திரை சாப்பிடுகிற குடும்பத்தில் பெண் எடுக்க எங்களுக்கு வசதிப்படாது. வசதிப்படாது என்ற அந்த ஒரு சொல்லை நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன்.

கடல்கன்னி திரும்பிப் போகவில்லை. கொண்டு வந்தது உரியவன் கைக்குப் போகும்வரை போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஊர் அவளுக்காகச் செய்ததையெல்லாம் சொன்னால் உங்களுக்கே எரிச்சல் வரும். உடைந்த பைபர் வள்ளம் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கரையோரம் நிழலில் போட்டுக் கடல்தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள். பெண்கள் கூடிப் பேசி நைட்டியை இடுப்போடு வெட்டித் தைத்தார்கள். அவள் சொன்ன பெயர் தண்ணீருக்கு வெளியே யார் வாயிலும் நிற்காததால், கடலின் நட்சத்திரம் என்று ஸ்டெல்லா எனப் பெயர் வைத்தார்கள். திருவிழா வரி போடும்போது அவளையும் விடவில்லை, ஆனால் மனுஷி பாதிதானே என்று பாதி வரி போட்டார்கள், அவள் மீனாகக் கட்டினாள். வார்டு மெம்பர் வந்து ஓட்டு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். பேப்பரிலிருந்து வந்தவரைப் பார்த்து அவள் சிரிக்க மறுத்ததால் படம் வரவில்லை. இத்தனைக்கும் இடம் இருந்த ஊரில், எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த ஒருவனுக்கு இடம் இல்லை. வாலை நம்பினார்கள், செதிலை நம்பினார்கள், கண்ணுக்கு முன்னால் என் தம்பி மெலிந்துகொண்டே போனதை மட்டும் நடிப்பு என்றார்கள்.

ஸ்டெல்லாவின் தொட்டியில் தண்ணீர் மாற்ற முதலில் போட்டி போட்டார்கள், புதுசு தீர்ந்ததும் யாரும் வரவில்லை. அவள் கத்துவதைக் கேட்டு ரெமிதான் வாளியோடு போனான், நாளெல்லாம் படுத்திருந்தவன் வெயில் தாழ்ந்ததும் தட்டுத் தடுமாறிப் போய்க் கடலிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுவான், ஊற்றி முடித்ததும் அந்த அறுத்த வள்ளத்தின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொள்வான், அவள் ஈரக்கையை அவன் தலைமேல் வைத்திருப்பாள், இருட்டும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள். பேசினால் அவளுக்குத் தெரிந்தது வலைக்காரப் பேச்சுதானே, அதனால் அவள் அவனைக் கொஞ்சினதும் அந்தப் பேச்சில்தான். மெல்ல இழுல, அறுந்துரும் என்பாள் அவன் அழும்போது. நான் சாப்பாட்டுத் தூக்கோடு தள்ளி நின்று கேட்டிருக்கிறேன். இவ்வளவு அன்பாக அந்த வார்த்தைகளை எங்கள் ஆண்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

காதல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊர் கண்ணடித்தது. சரியாகவில்லை. அவன் அவளை உயிராக நினைத்தான், அவளைப் பார்க்கப் போகவேண்டும் என்று பாயில் கிடந்து தவித்தான், அப்படியும் பல நாள் எழுந்திருக்க முடியவில்லை, அவள் தொட்டியில் தண்ணீர் பாசி பிடித்தது. ஒருநாள் நான் அவனைத் தோளில் தாங்கிக் கொண்டுபோய் விட்டேன்.

"என்ன நெனச்சும் எந்திரிக்க முடியலயா?" என்று கேட்டாள்.

"முடியல" என்றான் அவன்.

அவள் முகம் வாடவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப இது நான் தூக்குத பாரம் இல்ல" என்றாள். "அந்த மாத்திரய எங்க வச்சுப் பூட்டியிருக்கானுவ?"

படித்த மனிதர்கள் ஆயுசுக்கும் புரிந்துகொள்ளாத ஒன்றை அவள் ஒரு பதிலில் புரிந்துகொண்டாள். அவள் இன்னாசியைக் கூப்பிட்டு அனுப்பிப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பெட்டிக்குள் போனது செபஸ்தியாருக்குரியது, மனிதர் கேட்கக்கூடாது என்றார் அவர். மறுத்ததோடு விடவில்லை, பையனுக்கு இவ்வளவு ஆகிவிட்டது என்றால் அவனையும் செபஸ்தியாரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று கமிட்டி கூடி முடிவு செய்தது. ஒப்படைப்பது என்றால் கோயில் கொடிமரத்தில் கயிற்றால் கட்டிவைப்பது. கனவில் உத்தரவு வரும்வரை கட்டியே வைத்திருப்பது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் சாமியார் பார்த்துவிட்டு உடனே அவிழ்க்கச் சொன்னார், நீங்க பூசையப் பாருங்க சாமி என்று சொல்லிவிட்டார்கள். செபஸ்தியாரே மரத்தில் கட்டப்பட்டு உடம்பெல்லாம் அம்பு வாங்கினவர். சுரூபத்தைத் தினமும் பார்க்கிறார்கள், பூ வைக்கிறார்கள், மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள். தன்னைக் கட்டியது போலவே இன்னொருத்தனைக் கட்டினால் அவர் மனம் குளிரும் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

நான் சோறு ஊட்டினேன். அண்ணன் தினமும் தூரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, மீசையைக் கடித்துக்கொண்டு போவான். கிட்டே வரமாட்டான். ஸ்டெல்லா தன் தொட்டியிலிருந்து கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள், ஒருநாள் காலையில் தொட்டி காலியாக இருந்தது. எறிந்ததையே திரும்ப எடுத்து வந்தவள், அதனால் அவள் ஒரேயடியாகப் போய்விட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் கடலுக்குள் காவல் இருக்கப் போனாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திருவிழா வந்தது. முதல் நாள் காலையில் கொடியேற்ற மரம் வேண்டுமே, அதனால் ரெமியை அவிழ்த்துவிட்டார்கள். இரக்கப்பட்டு அவிழ்க்கவில்லை, உத்தரவு வந்து அவிழ்க்கவில்லை, கொடி கட்டுவதற்கு அவன் இடைஞ்சலாக இருந்தான். மேளமும் வெடியுமாக ஊர் முழுக்க அண்ணாந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் கயிற்றுத் தடத்தோடு என் தம்பி கடலைப் பார்த்து நடந்தான். நான் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு அவன் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் அவன் இல்லை.

அலை வந்தது, போனது. பின்னால் ஊர் வந்து நின்றது, கொடியை மறந்துவிட்டு. அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஸ்டெல்லா வந்தாள், அவனைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்து, முகம் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தூக்கிக்கொண்டு வந்தாள். ஏலம் போடும் இடத்தில், மீன் கொட்டும் ஈரமணலில் அவனைக் கொண்டுவந்து கிடத்தினாள். அவன் இருமினான், தண்ணீர் கக்கினான், உயிரோடு இருந்தான். நான் ஓடிப் போய் மடியில் அள்ளப் போனேன், அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"கடல்ல கெடந்துது" என்றாள் அந்தோணிப்பிச்சை மாமாவைப் பார்த்து. "கூப்புடும்."

ஊருக்கு அவள் கேட்டது புரிந்தது. யாரும் கை தூக்கவில்லை என்றால் அவன் செபஸ்தியாருக்குப் போவான், அதாவது கொடி இறங்கியதும் மறுபடி அதே மரத்துக்குப் போவான். கை தூக்குகிறவன் அவனை நோயோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும், ஊர் முன்னால், வாய்விட்டு. மீனுக்கும் வலைக்கும் கூப்பிட்ட மாமாவின் குரல் மனிதனுக்குச் சரியாக எழும்பவில்லை.

"யாருது?" என்றார்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். எனக்குப் பின்னால் பெண்கள் சிலரும் தூக்கினார்கள், இதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மாமா எங்களைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், ஏனென்றால் வழக்கம் வழக்கம்தான்.

"யாருது?" என்றார் இரண்டாம் தரம்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். என் அண்ணனின் கை அவன் பக்கத்திலேயே தொங்கியது. புயலில் வள்ளம் செலுத்துகிற கை, எங்கள் இருவருக்கும் சோறு பிசைந்து ஊட்டின கை, அது அன்று எழும்பவில்லை. தூக்குல என்று எவனாவது சொல்லியிருக்கலாம்.

மாமா மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்து, கண்ணில் நீர் வழிய நின்றார், கடைசியில் கூப்பிட்டார். மணலில் கிடந்த என் தம்பி புரண்டான். ஒரு முழங்கையை ஊன்றினான், வழுக்கி விழுந்தான், மறுபடி ஊன்றினான். ஸ்டெல்லா அவனைத் தொடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். கயிற்றுத் தடம் இருந்த கை மேலே வந்தது, தலைக்கு மேல் வந்தது.

"என்னுது" என்றான்.

இன்னாசி முன்னால் வந்தார். பொருளே கை தூக்கினால் எப்படி, இது என்ன விளையாட்டா, வழக்கத்தில் எங்கே இருக்கிறது என்றார். அந்தோணிப்பிச்சை மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அப்பன் வள்ளத்துல பங்கு இருக்கு. கையும் தூக்கியிருக்கான்" என்றார். "குடுத்தாச்சு. இவன் இவனுக்குத்தான்."

அப்புறம் என்னைப் பார்த்து, ஏன் நிக்கிற, பஸ் போயிரும் என்றார். பெட்டியில் பூட்டிய மாத்திரைகளுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. ஈரத்துணியோடு பஸ் ஏறினோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி அண்ணன் ஏறி உட்கார்ந்திருந்தான், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மன்னித்துக்கொள் என்றும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் முதல் ஆளாக ஓடிப்போய் டோக்கன் வரிசையில் நின்றான். அவனோடு நான் பேசுவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆனது, அவசரப்படவில்லை நான்.

இப்போது ரெமி கடலுக்குப் போகிறான். எல்லா நாளும் இல்லை, முடிகிற நாள். முடியாத நாளில் ஸ்டெல்லா எங்கள் வீட்டு வாசற்படி வரை வருகிற ஓடைத் தண்ணீரில் வந்து சும்மா இருப்பாள், எழுந்திரு என்று சொல்லமாட்டாள். அவர்களுடைய கல்யாணத்தைப் பற்றிக் கமிட்டி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வால் ஒரு பிரச்சினையே இல்லையாம். மாப்பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறான் என்பதைப் பெண்வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினையாம்.

ஊர் கதையை மாற்றிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். கடல்கன்னி ஆழத்திலிருந்து ஒரு மருந்து கொண்டுவந்து பையனைக் குணமாக்கினாள் என்று சொல்கிறார்கள். டாக்டரம்மா கொடுத்தது என்றால் வெட்கம், கடல்கன்னி கொடுத்தது என்றால் பெருமை. அதை நம்பி எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருகிறார்கள், முக்காடு போட்டுக்கொண்டு, நடு மத்தியானத்தில் கரை காலியாக இருக்கும்போது பார்த்து வருகிறார்கள். ஸ்டெல்லா யாருக்கும் எந்த மருந்தும் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எது, எந்தக் கட்டடம், எந்த ரூம் என்று மட்டும் சொல்வாள். அதையும் சும்மா சொல்லமாட்டாள். ஏலக்காரரைப் போல "யாருது?" என்று உரக்கக் கேட்பாள். வந்தவர் கையைத் தூக்கி, இன்னாருடைய நோய், அவர் எனக்கு இன்ன உறவு என்று வாய்விட்டுச் சொன்னால்தான் வழி சொல்வாள். அங்கே ஆண் பெண் கணக்கெல்லாம் கிடையாது.

போன வாரம் ஒரு அம்மா வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவரை முக்காட்டோடேயே அடையாளம் தெரிந்தது. எனக்குப் பேசின மாப்பிள்ளையின் அம்மா, வசதிப்படாது என்று ஆள் அனுப்பினவர். அவரைப் பார்த்தால் சொல்லவேண்டும் என்று நான் எத்தனையோ காலமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"யாருது?" என்றாள் ஸ்டெல்லா.

அந்த அம்மா முதலில் தெரிந்தவர்களுக்காக வந்திருப்பதாகச் சொன்னார். ஸ்டெல்லா மறுபடி கேட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது அவருடைய முக்காடு நழுவி விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை. கை மேலே போனது.

"என்னுது" என்றார். "எம்மவன். பாய விட்டு எந்திரிக்க மாட்டங்கான்."

வலையைக் கீழே போட்டுவிட்டு நான் எழுந்து போனேன். சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட விடாமல் சொல்லிவிடத்தான் போனேன், அது சத்தியம். கிட்டே போய்ப் பார்த்தால் அவர் தூக்கின கையை இன்னும் இறக்கவில்லை, இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

"பத்து மணிக்கு மேல டோக்கன் குடுக்க மாட்டாங்க அத்த" என்றேன். "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு அவரக் கூட்டிட்டு வந்து நில்லுங்க. நானும் வாரேன்."